இருபதாயிரம் கன்று, ஒரே பருவம்

அமெரிக்காவில் புதுப்புதுச் செடி ரகங்களை உண்டாக்கிய லூதர் பர்பாங்க் என்றால் முள்ளில்லாத சப்பாத்திக்கள்ளி, சாஸ்தா டெய்சிப் பூ, அப்புறம் உருளைக்கிழங்கு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உருளைச் செடியில் மண்ணுக்கு மேலே விதையுள்ள காய் பிடிப்பது அபூர்வம். மாசசூசெட்சில் இளைஞராக இருந்தபோது அப்படி ஒரு காய் அவர் கண்ணில் பட்டது. அதிலிருந்த 23 விதைகளை முளைக்கவைத்து, தேறிய ரகத்தை 150 டாலருக்கு விற்றுவிட்டு, 1875-இல் கலிபோர்னியாவின் சாண்டா ரோசாவுக்குக் குடிபோனார்.

ஒட்டுக் கட்டிப் பிழைக்கிற எனக்கு அவருடைய வாழ்க்கையில் பெரிதாகத் தெரிவது 1881-ஆம் வருஷம்.

அந்த மார்ச்சில் ஒருவர் வந்து, டிசம்பருக்குள் 20,000 பிளம் ஒட்டுக்கன்று வேண்டும் என்றார். வேருக்காக வளர்க்கிற வேர்ச்செடியை வளர்த்து, அதன் தண்டில் வேண்டிய ரகத்தின் மொட்டைச் செருகிக் கட்டி, கன்று தேற இரண்டு மூன்று வருஷமாவது ஆகும். எந்த நர்சரிக்காரரும் கையை விரித்திருப்பார். இவர் சரி என்றார். பிளம் கொட்டை மெதுவாகத்தான் முளைக்கும். பாதாம் சீக்கிரம் முளைக்கும், பிளம் மொட்டையும் ஏற்கும். பாதாமை ஈர மணலில் பரப்பி, கோணிச்சாக்கு போட்டு மூடி, முளைவிட்டதை எடுத்து நட்டார். கோடையில் ஆள் வைத்து மொட்டுக் கட்டினார்.

அதற்குப் பிறகு செய்ததுதான் கைவேலை தெரிந்தவனின் வேலை. மொட்டுப் பிடித்ததும் வேர்ச்செடியின் தலையை வெட்டுவது வழக்கம். அந்த இளஞ்செடியில் ஒரேயடியாக வெட்டினால் இலை போய்விடும், வேர் பட்டினி கிடக்கும். அதனால் வெட்டவில்லை. தண்டைப் பாதி ஒடித்துச் சாய்த்துவிட்டார். சாய்ந்த தலையின் இலைகள் வேருக்கு உணவு அனுப்பிக்கொண்டே இருந்தன. மேல்நோக்கிப் போகிற வேகம் மொட்டுக்குத் திரும்பியது. பிளம் தளிர் தேறிய பிறகுதான் பழைய தலையை நீக்கினார். டிசம்பரில் 19,500 கன்றுகள் தயார்.

புது ரகம் உண்டாக்குவதிலும் அதே கண்தான். ஆயிரக்கணக்கில் விதைப்பார், வரிசையில் நடந்துகொண்டே நாலைந்தை வைத்துக்கொண்டு மீதியைக் கொளுத்திவிடுவார். எதை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று ஒழுங்காக எழுதிவைக்கவில்லை. 1905-இல் அறிவியல் ஆய்வுக்குப் பணம் தரும் கார்னகி நிறுவனம் வருஷத்துக்கு 10,000 டாலர் கொடுத்து, அவர் முறையைக் குறித்துக்கொள்ள ஜார்ஜ் ஷல் என்ற விஞ்ஞானியையும் அனுப்பியது. சில வருஷத்தில் அந்த உதவி நின்றுபோனது. எனக்கு இதில் தீராத வருத்தம். அவருடைய தலைக்குள் இருந்தது 1926-இல் அவரோடே போய்விட்டது. செடி ரகத்துக்குக் காப்புரிமை தரும் அமெரிக்கச் சட்டமும் அவர் இறந்த பிறகு, 1930-இல்தான் வந்தது.

வருகிற பருவத்தில் சாத்துக்குடிப் பாத்தி ஒன்றில் தலையை வெட்டாமல் ஒடித்துச் சாய்த்துப் பார்க்கப்போகிறேன். பக்கத்துப் பாத்தியில் வழக்கம்போல வெட்டு. எந்த மொட்டு எப்போது கிளம்புகிறது என்று தேதி போட்டு எழுதி, இங்கேயே பதிகிறேன்.