மதிப்புன்னா எவ்வளவு ரூபா டீச்சர்?

போன மாதம் ஏழாம் வகுப்புக்கு ஒரு தாள் கொடுத்தேன். 'ஓவியத்தின் அடிப்படைக் கூறுகள்' என்று தலைப்பு. கோடு, வடிவம், உருவம், நிறம், மதிப்பு, இழையமைப்பு, வெளி. ஏழு சொல், எதிரே ஏழு கட்டம், கட்டத்துக்குள் அந்தச் சொல்லுக்கு ஏற்ற சின்னப் படம் வரைய வேண்டும். இணையத்தில் ஆங்கிலத்தில் கிடைத்ததை நானே ராத்திரி உட்கார்ந்து தமிழாக்கியது. அதனால் இதில் வரும் குற்றமெல்லாம் என்னுடையதுதான்.

பத்து நிமிஷத்தில் இரண்டாம் பெஞ்சிலிருந்து ஒரு குரல். "டீச்சர், மதிப்புன்னா எவ்வளவு ரூபா?" போய்ப் பார்த்தேன். கட்டத்துக்குள் பத்து ரூபாய் நாணயம் வரைந்து வைத்திருந்தாள். உள்வட்டம் வெளிவட்டம் எல்லாம் சரியாக, நன்றாகவே வரைந்திருந்தாள்.

அன்னவாசல் பக்கம் ஒரு பள்ளியில் நான் பகுதிநேர டிராயிங் டீச்சர். வாரத்துக்கு மூன்று அரைநாள். அந்த அரைநாளிலும் கணக்கு டீச்சருக்குப் பாடம் முடியவில்லை என்றால் என் பீரியட்தான் போகும். கிடைக்கிற நேரத்தில் விளங்காத சொல்லைக் கொடுத்துவிட்டோமே என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உறுத்தல்.

மதிப்பு என்று நான் எழுதியது, ஒரு நிறம் எவ்வளவு இருட்டு, எவ்வளவு வெளிச்சம் என்பதற்கு. புத்தகங்களில் 'தொனி' என்று போடுகிறார்கள். அது பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு மாதிரி கேட்கும். அடுத்த வகுப்புக்குச் செம்பருத்திப் பூவை இலையோடு ஒடித்துக்கொண்டு போனேன். செல்போனில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிக் காட்டினேன். பூவைக் காணோம். சிவப்பும் கரும்பச்சையும் ஒரே சாம்பலாகி, பூ இலைக்குள் போய்விட்டது. "ரெண்டும் ஒரே இருட்டு டீச்சர்" என்றான் ஒரு பையன். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் அதற்குப் பெயர் இருட்டு. பென்சிலிலும் அதே கதைதான். உள்ளே இருப்பது ஈயம் இல்லை, கிராஃபைட்டும் களிமண்ணும். களிமண் கூடினால் ஹெச் பக்கம் போகும், கோடு கெட்டியாக, வெளிறி விழும். கிராஃபைட் கூடினால் பி பக்கம். ஹெச்பி, 2பி, 4பி, 6பி நான்கையும் வைத்து, வெளிச்சத்திலிருந்து இருட்டுவரை ஐந்து கட்டம் நிரப்பச் சொன்னேன். முதல் கட்டம் வெறும் தாள். அதைச் சும்மா விட மனசே வரவில்லை பாதிப் பேருக்கு.

நிறத்துக்கு நான் எந்தப் புத்தகத்தையும் தேட வேண்டியதில்லை. அப்பா புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றவர். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, பாசிப்பச்சை, கத்தரிப்பூ, வாடாமல்லி, வெங்காயத்தோல், எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரால் வந்த எம்.எஸ். ப்ளூ. ராத்திரி சாப்பிடும்போது அன்றைக்கு விற்றதை அவர் சொல்லச் சொல்ல, சோற்றோடு சேர்ந்து உள்ளே போன பெயர்கள். மயில்கழுத்துக்கு மட்டும் தனி விளக்கம் கொடுப்பார். நீளவாட்டில் போகிற பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே போகிற ஊடை நூல் ஒரு நிறம், அதனால்தான் மடிப்பை அசைத்தால் நீலமும் பச்சையும் மாறி மாறி ஓடுகிறது என்று. இரண்டு சாயத்தைக் கலக்காமலே கண்ணில் கலக்க வைக்கிற வித்தை அது. ஓவியத்தில் பக்கத்தில் பக்கத்தில் புள்ளி வைத்து அதையே செய்கிறார்கள்.

யோசித்துப் பார்த்தால், சேலை எடுக்க வருகிறவர்கள் மூன்றே கேள்விதான் கேட்பார்கள். என்ன கலர்? இன்னும் கொஞ்சம் டார்க்கா இருக்கா? அடிக்கிற மாதிரி இருக்கே, மட்டமா ஒண்ணு காட்டுங்களேன்? நிறம், இருட்டு, பளிச். நிறத்தைப் பற்றி ஓவியப் பள்ளியில் சொல்லித் தருகிற மூன்று தன்மையும் இதற்குள் அடங்கிவிடும். கருநீலம், இளநீலம், வெளிர்நீலம் என்று நாம் முன்னால் ஒட்டுகிற 'கரு', 'இள', 'வெளிர்' எல்லாம் இருட்டின் அளவுதான். இதை வைத்துக்கொண்டு நான் 'மதிப்பு' என்று எழுதினேனே!

இழையமைப்பு என்ற சொல்லையும் பிறகு எடுத்துவிட்டேன். துணிக்குச் சரி. பலாப்பழத் தோலில் எங்கே இழை? எங்கள் மாவட்டத்தில் ஆலங்குடி, வடகாடு பக்கம் பலாவுக்குப் பஞ்சமில்லை, பிள்ளைகளுக்கு அந்த முள் உள்ளங்கையிலேயே இருக்கிறது. தொட்டால் எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டேன். வழவழ, சொரசொர, கரகர, நறநற, பிசுபிசு, மொழுமொழு. கரும்பலகை நிரம்பிவிட்டது. பிறகு தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்க்கச் சொன்னேன். கோரைப்பாய், ஓலைக்கொட்டான், சைக்கிள் பெடல், சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் கிடக்கிற கொத்திய அம்மி. தேய்த்து முடித்த தாளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒருத்தி சொன்னாள்: "தொட்டா வழவழ, பாத்தா சொரசொர." கையால் அறிகிறது வேறு, கண்ணை நம்ப வைக்கிறது வேறு என்பதை நான் அரை மணி நேரம் இழுத்திருப்பேன்.

கோடு எல்லோருக்கும் தெரியும். கோலம் போடுகிற ஊரில் அதைச் சொல்லித் தர நான் யார்? ஏழு புள்ளி, இடுக்குப்புள்ளி, நாலில் நிறுத்து என்றால் மொத்தம் 37 புள்ளியை அளவுகோல் இல்லாமல் வைத்துவிடுவார்கள். 'அவுட்லைன்' என்பதற்குத்தான் தமிழ் தேடினேன். ஸ்டாஃப் ரூமில் தமிழ் ஐயாவிடம் கேட்டதற்கு, டீ கிளாஸைக் கீழே வைக்காமலே சொன்னார்: "புனையா ஓவியம்னு இருக்கேம்மா." நெடுநல்வாடையில் வருகிறதாம். மன்னன் போர்ப் பாசறையில் இருக்க, நகையெல்லாம் கழற்றிவிட்டு அரண்மனையில் கிடக்கிற அரசியை, வண்ணம் தீட்டாத ஓவியம் போல என்கிறார் நக்கீரர். கோடு மட்டும் விழுந்து, நிறத்துக்காகக் காத்திருக்கிற படம். அதைச் சுவரில் எழுதி ஒட்டினேன். பிள்ளைகள் இன்னமும் அவுட்லைன் என்றுதான் சொல்கிறார்கள். சரி, அதுவும் இருக்கட்டும்.

வடிவம், உருவம் இரண்டையும் ஒரே மூச்சில் முடித்தேன். தாளில் வட்டம் வடிவம். பந்தும் லட்டும் உருவம். வட்டத்துக்கு ஒரு பக்கம் இருட்டு வைத்தால் அது பந்தாகிவிடும். அவ்வளவுதான்.

வெளிதான் மிஞ்சியது. படத்துக்குள் இருக்கிற இடமும் ஆழமும். "வெளின்னா வெளியில போறதா டீச்சர்?" என்றார்கள். ஆமாம் என்று சொல்லி சித்தன்னவாசலுக்கு அழைத்துப் போனேன். தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்க மூன்று வாரம், பார்க்க அரை மணி. பாறையைக் குடைந்த குடைவரைக் கோயில் அது. கருவறைக்கு முன்னால் இருக்கிற அர்த்தமண்டபக் கூரையில் தாமரைக் குளம். 9ஆம் நூற்றாண்டு. இந்த மண்டபத்தைப் புதுப்பித்தவர் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்லும் இளங்கௌதமனுக்கு 'மதுரை ஆசிரியன்' என்று பட்டம். நம்ம ஆள் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். எல்லோரும் கழுத்தை ஒடித்துப் பார்த்தார்கள். யானை, எருமை, மீன், பூப்பறிக்கிற மனிதர்கள். ரொம்ப நேரம் கழித்து அந்தப் பத்து ரூபாய்க்காரிதான் வாயைத் திறந்தாள். "குளத்த மேல இருந்து பாத்த மாதிரி இருக்கு, மீன மட்டும் பக்கத்துல இருந்து பாத்த மாதிரி இருக்கு. வரஞ்சவரு எங்க நின்னாரு டீச்சர்?"

தூரத்துப் பொருளைச் சின்னதாக்கி ஆழம் காட்டுவது ஒரு வழி. அந்தக் கூரையில் அந்த வழியே இல்லை. குளம் முழுக்க ஒரே தளமாக விரிகிறது, இலைக்கும் பூவுக்கும் நடுவில் கிடைத்த இடத்திலெல்லாம் ஏதோ ஒரு உயிர். எங்கேயும் நிற்காமல் வரையலாம், எல்லாப் பக்கத்திலும் நின்றும் வரையலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவளுக்குத் திருப்தி இல்லை.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் அடுத்ததைப் போட்டாள். "கறுப்பு, நிறமா டீச்சர், இருட்டா?"

அப்பாவுக்குப் போன் செய்து கேட்டேன். "எதுவா இருந்தா என்னம்மா, முகூர்த்தத்துக்கு ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க" என்றார். அடுத்த பீரியட் வியாழக்கிழமை. அதையும் கணக்கு டீச்சர் கேட்டிருக்கிறார்.