செகண்ட் ஹேண்ட் எச்டிஎக்ஸ்: கார்டு வந்தது, கேபிளும் லைசென்ஸும் வரவில்லை

ஒருவழியாக எங்கள் ஸ்டுடியோவில் எச்டிஎக்ஸ் ஓட ஆரம்பித்துவிட்டது. புரோ டூல்ஸ் என்ற ரெக்கார்டிங் மென்பொருளுக்காகக் கம்ப்யூட்டரில் செருகும் கார்டு அது. நிம்மதிதான். ஆனால் நடுவில் பட்ட அலைச்சலை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. புதிதாக வாங்க வசதியுள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை பாதி இருக்காது. என்னைப் போல செகண்ட் ஹேண்டில் தேடுபவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எதற்கு இதெல்லாம் என்று கேட்கலாம். சாலிகிராமத்தில் எங்களுடையது ஒரு சின்ன ஸ்டுடியோ. இசையமைப்பாளர் கொண்டுவரும் செஷனில் பாதி மிக்ஸ் முடிந்திருக்கும், பிளக்இன்கள் (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்கள்) குவிந்திருக்கும். பஃபரை (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து வைத்துக்கொள்ளும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கை) 1024-இல் வைத்தால்தான் கம்ப்யூட்டர் மூச்சு விடும். 48 கிலோஹெர்ட்ஸில் அது ஒரு வழிக்கு மட்டும் 21 மில்லிசெகண்ட் தாமதம். பாடுபவர் முதல் வரி முடிப்பதற்குள் ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து தள்ளிவிடுவார். பஃபரை 64-க்கு இறக்கினால் ஒலி படபடவென்று வெடிக்கும். சில மில்லிசெகண்ட் தாமதம்கூடப் பாடகருக்குத் தொந்தரவுதான். தன் குரல் எலும்பு வழியாக உடனே கேட்கிறது, ஹெட்போன் வழியாகச் சற்றுப் பிந்தி வருகிறது. இரண்டும் கலக்கும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்து, குரல் மெலிந்து கேட்கும். "என் வாய்ஸ் ஏதோ குழாய்க்குள்ள கேக்குது சார்" என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். மைக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸிலிருந்தே நேராகக் கேட்கவிடும் வழியும் இருக்கிறது. ஆனால் அதில் நாம் போட்ட கம்ப்ரஸர் (குரலின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது) கேட்காது, நம்முடைய ரிவெர்பும் (எதிரொலி போன்ற முழக்கம்) வராது. நம் பாடகர்கள் ரிவெர்ப் இல்லாமல் மனம் விட்டுப் பாடமாட்டார்கள்.

எச்டிஎக்ஸ் கார்டில் இந்த வேலைக்கென்றே 18 டிஎஸ்பி சிப்கள் (ஒலிக்கான கணக்கை மட்டும் போடுபவை) உட்கார்ந்திருக்கின்றன. பாடகர் கேட்கும் வழி கம்ப்யூட்டரின் சிபியுவை நம்பாமல் கார்டுக்குள்ளேயே ஓடிவிடும். அதற்காகத்தான் இவ்வளவு ஆசை.

முதல் அடி பெங்களூரில் விழுந்தது. ஒரு புரோக்கர் "எச்டிஎக்ஸ் கார்டு, நல்ல கண்டிஷன்" என்று அடித்துச் சொன்னார். போய்ப் பார்த்தால் அது எச்டி நேட்டிவ். இந்த வியாபாரத்தில் எச்டி என்று தொடங்கும் எல்லாவற்றையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். பழைய எச்டி ஆக்சல் கார்டுகள், எச்டிஎக்ஸுக்கு முந்தைய டிடிஎம் தொழில்நுட்பக் காலத்தவை. புரோ டூல்ஸ் 10-ஓடு அந்தக் கதை முடிந்துவிட்டது. 2013-இல் வந்த புரோ டூல்ஸ் 11 அவற்றை ஏற்காது. எச்டி நேட்டிவ் நல்ல பொருள்தான், ஆனால் பிளக்இன் ஓட்டும் டிஎஸ்பி அதில் கிடையாது. எச்டிஎக்ஸ் 2011-இல் வந்தது. நேரில் கிளம்புவதற்கு முன், புரோ டூல்ஸைத் திறந்து சிஸ்டம் யூசேஜ் ஜன்னலை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டிஎஸ்பி சிப்கள் வரிசையாகத் தெரிந்தால் எச்டிஎக்ஸ். தெரியாவிட்டால் டிக்கெட் போடாதீர்கள். "அது வந்து, மெஷின் இப்போ ஆன் பண்ண முடியாதே" என்று இழுத்தாலும் போகாதீர்கள்.

அப்புறம் சென்னையிலேயே ஒன்று கிடைத்தது. மூடப்போகும் ஸ்டுடியோ, ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டம், நியாயமான விலை. கார்டைச் சோதிக்கும் டிஜிடெஸ்ட் மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன், எல்லாம் பாஸ். பணம் கொடுத்துக் கார்டையும் இன்டர்ஃபேஸையும் காரில் ஏற்றியாயிற்று.

லைசென்ஸ்தான் வரவில்லை. விற்றவர் லைசென்ஸுக்கான ஐலாக் சாவியைக் கையில் கொடுத்து, "இதுல எல்லாம் இருக்கு தம்பி" என்றார். சாவி வெறும் யூஎஸ்பி குச்சி. லைசென்ஸ் யாருடைய ஐலாக் அக்கவுண்டில் இருக்கிறதோ அவருக்குத்தான் அது சொந்தம். அந்த அக்கவுண்டோ, எப்போதோ சண்டை போட்டுப் பிரிந்துபோன அவருடைய பழைய பார்ட்னரின் மின்னஞ்சலில் இருந்தது. அந்தப் பார்ட்னர் போனையே எடுக்கவில்லை. ஒருநாள் எடுத்து, "அவன் எனக்குத் தர வேண்டியதைத் தரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று வைத்துவிட்டார். அவர்கள் கணக்கில் நான் எங்கே வந்தேன்? கடைசியில் இருவருக்கும் தெரிந்த ஒரு மூத்த கீபோர்டு கலைஞர் நடுவில் பேசி முடித்து வைத்தார். அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். உரிமை உங்கள் அக்கவுண்டுக்கு மாறிவிட்டதைக் கண்ணால் பார்க்கும்வரை மீதிப் பணத்தை விடாதீர்கள். பழைய லைசென்ஸே வேண்டாம், புரோ டூல்ஸ் அல்டிமேட் சந்தா கட்டிக்கொள்கிறேன் என்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அந்தச் செலவையும் சேர்த்துக் கார்டின் விலையைப் பேசுங்கள்.

அடுத்தது கரண்ட். எங்கள் மேக்கில் கார்டு செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் கிடையாது, அதனால் கார்டை வெளியே வைத்து இணைக்கும் ஒரு தண்டர்போல்ட் சேஸி (பெட்டி) வாங்கினோம். கார்டைச் செருகினால் புரோ டூல்ஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. எச்டிஎக்ஸுக்கு ஸ்லாட்டிலிருந்து வரும் மின்சாரம் போதாது. தனி பவர் கேபிள் வேண்டும். புதிய கார்டோடு அது பெட்டியிலேயே வரும். எங்களுக்கு விற்றவர் அதைப் பழைய கம்ப்யூட்டருக்குள்ளேயே விட்டுவிட்டார், அந்தக் கம்ப்யூட்டர் வேறு யாருக்கோ போய்விட்டது.

ரிச்சி தெருவில் ஒரு கடையில் கேட்டேன். கிராஃபிக்ஸ் கார்டு கேபிள் ஒன்றை எடுத்துப்போட்டு, "எல்லாம் ஒண்ணுதான் சார், உள்ள போச்சுன்னா வேலை செய்யும்" என்றார் கடைக்காரர். இந்த ஒரு வார்த்தையை நம்பி எத்தனை பேர் கார்டை எரித்திருப்பார்களோ! சேஸியின் ஆறு முனை சாக்கெட்டில் வருவது 12 வோல்ட். கார்டுப் பக்கத்துச் சின்ன சாக்கெட்டில் எந்தப் பின் பாசிட்டிவ், எந்தப் பின் கிரவுண்ட் என்று தெரியாமல் எதையும் செருகக்கூடாது. கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு மல்டிமீட்டர் கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "வாங்கறதுன்னா வாங்குங்க, டெஸ்ட் எல்லாம் இங்க கிடையாது." வாங்காமல் வந்துவிட்டேன். பிறகு, எச்டிஎக்ஸுக்கென்றே செய்த கேபிளை வெளியூரிலிருந்து வரவழைத்தேன். ஒரு சாண் நீளக் கம்பிக்கு அந்த விலை அநியாயம். ஆனாலும் கார்டின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

கேபிளை மாட்டியதும் முதல் தடவையிலேயே ஓடியது.

இன்னொரு எச்சரிக்கை. பழைய 192 மாடல் இன்டர்ஃபேஸைக் கார்டோடு இணைக்கும் டிஜிலிங்க் கேபிள் எச்டிஎக்ஸில் நேராகச் சேராது. கார்டில் இருப்பது மினி டிஜிலிங்க். கட்டாக வரும் கேபிள்களில் எது எது என்று பிரித்துப் பாருங்கள். 25 பின் உள்ள டிபி-25 கேபிளில் ஏஇஎஸ் (டிஜிட்டல் ஆடியோ) கொண்டுபோவதானால் டாஸ்காம் வரிசையா யமஹா வரிசையா என்றும் கேளுங்கள். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே பின்கள் வேறு.

பிளக்இன் விஷயம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. டிஎஸ்பியில் ஓடுவதற்கென்று தனியாக எழுதப்பட்ட பிளக்இன்கள்தான் அங்கே ஓடும். ஊரெல்லாம் பயன்படுத்தும் வேவ்ஸ் நிறுவனத்தின் பிளக்இன்கள் ஓடாது. அவர்கள் சவுண்ட்கிரிட் என்று தனி வழி வைத்திருக்கிறார்கள். 2021-இல் புரோ டூல்ஸில் ஹைப்ரிட் எஞ்சின் வந்த பிறகு நிலைமை எவ்வளவோ மேல். மிக்ஸ் முழுக்கக் கம்ப்யூட்டரில் ஓடட்டும், பாடும் தடத்தில் மட்டும் மின்னல் குறியை அழுத்தினால் அது டிஎஸ்பிக்கு மாறிவிடும். மாறும்போது டிஎஸ்பி வடிவம் இல்லாத பிளக்இன்கள் ஒதுங்கிவிடும். அதனால் பாடகருக்கென்று ஒரு டெம்ப்ளேட் போட்டு வைத்திருக்கிறேன்: சேனல் ஸ்டிரிப் (குரலைச் சரிசெய்யும் பிளக்இன்), அதிலிருந்து ஒரு சென்ட் (குரலின் ஒரு பங்கை வேறு தடத்துக்கு அனுப்புவது), அது போய்ச் சேரும் ஆக்ஸ் தடத்தில் டி-வெர்ப் என்ற ரிவெர்ப். ரீவைப் என்ற ரிவெர்ப் இன்னும் அழகாக இருக்கும். சேனல் ஸ்டிரிப்பும் டி-வெர்ப்பும் புரோ டூல்ஸோடு வருபவைதான்.

போன வாரம் ஒரு பாடகி வந்திருந்தார். முந்தைய செஷன்களில் வலது காதைத் திறந்து வைத்துக்கொண்டே பாடுபவர். இந்த முறை பஃபர் 1024-இலேயே இருந்தது, மிக்ஸில் ஒரு பிளக்இன்னைக்கூட அணைக்கவில்லை. பல்லவியின் கடைசியில் ஒரு வேகமான பிருகா. இரண்டு காதிலும் ஹெட்போனை வைத்தபடியே பாடி முடித்து, "இன்னொரு டேக் போலாமா, நல்லா வருது" என்றார்.

மேக்கில் ஆட்டோ அப்டேட்டை அணைத்துவிட்டேன். புதிய மேக்ஓஎஸ் வந்தால், அது புரோ டூல்ஸின் ஆதரவுப் பட்டியலில் ஏறும்வரை தொடப்போவதில்லை. பவர் கேபிளில் இன்னொன்றும் சொல்லி வைத்திருக்கிறேன், ஸ்பேராக.