இணையத்தை இடைமறிக்கும் மென்பொருளை அகற்றுதல்: வேலைக் குறிப்புகள்

மார்ச் 3

விண்டோஸ் கணினியில் தேடினால் வேறு பக்கம் திறக்கிறது. விளம்பரமே இல்லாத தளத்திலும் விளம்பரம் வருகிறது. கணினிக்கும் இணையத்துக்கும் நடுவில் ஏதோ உட்கார்ந்திருக்கிறது. அதன் டிஎல்எல் கோப்பு (நிரல்கள் ஏற்றிப் பயன்படுத்தும் துணைக் கோப்பு) கண்ணில் பட்டாலும் கை வைக்க வேண்டாம். இன்று பதிவு மட்டும்: ஒரு ரீஸ்டோர் பாயிண்ட் (கணினியை இன்றைய நிலைக்குத் திருப்ப உதவும் பதிவு), அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் 'நெட்ஷ் வின்சாக் ஷோ கேட்டலாக்' (netsh winsock show catalog) கொடுத்து, வருவதை டெக்ஸ்ட் கோப்பில் சேமிப்பது, டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவை) முகவரிகளைக் குறித்துக்கொள்வது. நடுவில் இணையம் நின்றால் வழி தேட வேறொரு சாதனம் கையில் இருக்கட்டும்.

மார்ச் 4

கோப்பை ஏன் முதலில் அழிக்கக் கூடாது? பழைய வகை இடைமறிப்பான்கள் வின்சாக்கில் (நிரல்களை இணையத்தோடு இணைக்கும் விண்டோஸ் பகுதி) எல்எஸ்பி என்ற அடுக்காகச் சேர்ந்துகொள்கின்றன. நிரல் அனுப்பும் தரவு ஒவ்வோர் அடுக்கையும் தாண்டித்தான் வெளியே போகும். கோப்பு போனாலும் வின்சாக்கின் பட்டியலில் (கேட்டலாக்) அதன் பெயர் நிற்கும். விண்டோஸ் அதைத் தேடித் தோற்கும். ரூட்டர் ஐபி முகவரி கொடுத்திருக்கும், ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. கேபிளையும் மோடத்தையும் மாற்றிப் பார்த்துப் பயனில்லை.

ஆகவே முதலில் ஆப்ஸ் பட்டியலை நிறுவிய தேதிப்படி அடுக்கி, தொல்லை தொடங்கிய நாளையொட்டி வந்தவற்றை முறையாக அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட்.

மார்ச் 5

அன்இன்ஸ்டாலர் அரைகுறையாக விட்டுப்போயிருந்தால் 'நெட்ஷ் வின்சாக் ரீசெட்' (netsh winsock reset) கொடுத்து வின்சாக்கைப் பழைய நிலைக்குத் திருப்பி, மறுபடி ரீஸ்டார்ட். விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 முதல் இந்தக் கட்டளை உண்டு. நல்ல விபிஎன் சேர்த்த அடுக்கும் இதில் போய்விடும். அதைத் திரும்ப நிறுவ வேண்டிவரலாம்.

மார்ச் 6

ரீசெட் செய்தும் பக்கம் திறக்கவில்லையா? ப்ராக்ஸி (பிரவுசருக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் இடைத்தரகர்) அமைப்பைப் பார்க்க வேண்டும். 127.0.0.1 என்ற முகவரியும் (இதே கணினியைக் குறிப்பது) ஒரு போர்ட் எண்ணும் இருந்தால், அங்கே கேட்டுக்கொண்டிருந்த நிரல் போய்விட்டது, பிரவுசர் இன்னும் அதன் கதவைத்தான் தட்டுகிறது. அதை அணைத்து, செட்டப் ஸ்கிரிப்ட் (ப்ராக்ஸியைத் தானாக அமைக்கும் கோப்பு) முகவரியையும் நீக்கவும். விண்டோஸ் சர்வீஸ்கள் பயன்படுத்தும் ப்ராக்ஸி வேறு; அதை 'நெட்ஷ் வின்எச்டிடிபி ஷோ ப்ராக்ஸி' (netsh winhttp show proxy) கொடுத்துத் தனியாகப் பார்க்க வேண்டும். ரீஸ்டார்ட்டுக்குப் பின் ப்ராக்ஸி மறுபடி முளைத்தால், டாஸ்க் ஷெட்யூலரிலோ (குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டுவது) சர்வீஸ்களிலோ (பின்னணியில் ஓடும் நிரல்கள்) வேர் மிச்சமிருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் ஆட்டோரன்ஸ் (Autoruns) கருவி இவற்றையும் டிரைவர்களையும் ஒரே இடத்தில் காட்டும். சந்தேகப்பட்டதை அழிக்காமல் டிக்கை மட்டும் எடுங்கள். தவறென்றால் திரும்பப் போட்டுவிடலாம்.

மார்ச் 8

பலரும் தவறவிடுவது ரூட் சான்றிதழ்: ஒரு தளம் உண்மையானதா என்று பிரவுசர் முடிவுசெய்ய அடிப்படையாக நம்பும் சான்றிதழ். எச்டிடிபிஎஸ் (மறையாக்கம் செய்த) பக்கங்களுக்குள் நுழைய இந்த மென்பொருள்கள் தங்கள் சான்றிதழை நம்பகமான ரூட் பட்டியலில் போட்டுவிடுகின்றன. 2015 பிப்ரவரியில் லெனோவோ மடிக்கணினிகளில் வெளிப்பட்ட சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் இதற்குச் சரியான பாடம்: எல்லாக் கணினியிலும் ஒரே ரகசியச் சாவி, அந்தச் சாவியின் கடவுச்சொல்லும் வெளியே வந்துவிட்டது. நிரலை அன்இன்ஸ்டால் செய்தாலும் சான்றிதழ் அப்படியே கிடந்தது. சாவி கைக்குக் கிடைத்த எவரும் பொது வைஃபையில் வங்கித் தளம்போல் வேடம் போடலாம்; பிரவுசர் அதைப் பாதுகாப்பானது என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

வங்கிப் பக்க முகவரியின் தொடக்கத்தில் உள்ள குறியைத் (பல பிரவுசர்களில் பூட்டு) திறந்து, சான்றிதழை வழங்கியவர் யார் என்று பாருங்கள். அங்கே அந்த மென்பொருளின் பெயர் இருந்தால் சான்றிதழ்ப் பட்டியலைத் திறக்க 'சர்ட்எம்ஜிஆர்' (certmgr.msc) பயனருக்கும், 'சர்ட்எல்எம்' (certlm.msc) முழுக் கணினிக்கும்: இரண்டிலும் தேடி அந்த ஒன்றை மட்டும் நீக்கவும். அறிமுகமில்லாத பெயரையெல்லாம் நீக்கினால் நல்ல தளங்களும் எச்சரிக்கை காட்டும். சில ஆன்டிவைரஸ்களும் எச்டிடிபிஎஸ் சோதனைக்குத் தம் சான்றிதழைப் போடும். அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பயர்பாக்ஸுக்குத் தனிச் சான்றிதழ்க் கிடங்கு உண்டு, அதையும் பாருங்கள்.

மார்ச் 9

வேலை முடிந்தது என்பதற்கு அடையாளம்: ஹோஸ்ட்ஸ் கோப்பில் (தளப் பெயர்களுக்கு ஐபி எண்ணைக் கையால் எழுதிவைக்கும் கோப்பு) கூடுதல் வரி இல்லை, டிஎன்எஸ் சரி, ரீஸ்டார்ட்டுக்குப் பின்னும் ப்ராக்ஸி காலி. கேட்டலாக்கை மறுபடி எடுத்து 3ஆம் தேதிக் கோப்போடு ஒப்பிட்டால் வேண்டாத அடுக்கு இருக்கக் கூடாது. இதற்குப் பிறகே கடவுச்சொற்களை மாற்றவும், முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி. அதற்கு முன் இதே கணினியில் மாற்றினால் புதியதும் நடுவில் இருப்பவரிடமே போய்ச் சேரும்.