இடைக்காட்டூரில் ஒரு தவக்கால வெள்ளி

மதுரையிலிருந்து மானாமதுரை போகும் பேருந்தில் ஏறி முத்தனேந்தலில் இறங்கினால், வைகைப் பாலத்தைத் தாண்டி இடைக்காட்டூர். மொத்தம் 36 கிலோமீட்டர்தான். திரு இருதய ஆண்டவர் கோயிலில் திருவிழாவுக்கும் பாஸ்கா நாடகத்துக்கும் கூட்டம் நெரியும். எனக்குக் கூட்டம் ஆகாது. அதனால் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை தனியாகப் போய் உட்கார்ந்துவிட்டு வருவது வழக்கம். இந்த முறை அக்காவும் மச்சானும் கூட வந்தார்கள். போகலாம் என்று கிளப்பியவரே மச்சான்தான்.

மச்சான் குட்டியானை ஓட்டுகிறார். வண்டியின் பின்னால் ‘பழையவைகள் ஒழிந்துபோயின, எல்லாம் புதிதாயின’ என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பார். ஒரு தியானத்துக்குப் போய்வந்த நாளிலிருந்து குடியை விட்டுவிட்டார். அதில் பொய்யில்லை. தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதற்காக எங்கள் வீட்டில் ஆண்டவருக்குத் தோத்திரம் சொல்லாத நாளில்லை. சங்கடம் எங்கே வந்ததென்றால், குடித்துத் திரிந்த அத்தனை வருடத்தையும் அந்த வசனத்தை வைத்தே மூடப் பார்த்தார். அக்கா எதையாவது ஞாபகப்படுத்தினால் போதும், “அதெல்லாம் பழைய மனுசன் செஞ்சது, அவன் செத்துட்டான்” என்பார். ஒருநாள் அக்கா சொன்னாள்: “செத்தவன் என் வளையலையும் சேர்த்துல்ல கொண்டுபோயிட்டான்.”

அந்த வசனத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதம், ஐந்தாம் அதிகாரம், 17-ஆம் வசனம். கிறிஸ்துவுக்குள் இருப்பவன் புதுப்படைப்பு என்கிறார். அதை நம்பித்தான் நாமெல்லாம் நடமாடுகிறோம். ஆனால் வண்டியிலும் காலண்டரிலும் போடுகிறவர்கள் 17-ஓடு நின்றுவிடுகிறார்கள். 18-இல் பவுல் மூச்சுவிடாமல் அடுத்த காரியத்துக்குப் போகிறார்: கடவுள் நம்மைத் தம்மோடு ஒப்புரவாக்கிக்கொண்டார், அதாவது பகை தீர்த்துச் சேர்த்துக்கொண்டார், ஒப்புரவாக்கும் வேலையை நம்மிடமும் ஒப்படைத்திருக்கிறார். இந்த வேலையை எந்த வண்டிக்குப் பின்னாலும் நான் பார்த்ததில்லை.

பேருந்தில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தாள். ஒருசந்தி என்பதால் காலையில் ஒரு கடுங்காப்பி மட்டும். சிலைமான், கீழடி பிரிவு, அப்புறம் திருப்புவனம். திருப்புவனத்தில் மொட்டையடித்த தலையும் ஈர வேட்டியுமாக ஒரு குடும்பம் ஏறியது. வைகைக்கரையில் தர்ப்பணம் கொடுக்க ஊர் ஊராக அங்கே வருவார்கள். போனவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்த தெளிவு அந்தப் பெரியவர் முகத்தில் இருந்தது. திருப்பாச்சேத்தியில் மச்சான் என்னைத் தட்டி, “மாப்ள, அருவாளுக்குப் பேர்போன ஊரு. உங்க அக்கா ஒன்னும் வாங்காம பாத்துக்க” என்றார். அக்காவுக்குக் கேட்டது. மணி உருட்டுவதை அவள் நிறுத்தவில்லை.

வைகையில் தண்ணீர் இல்லை. மணலும் கருவேலமுமாகக் கிடந்தது. பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கோயிலின் கூரிய கோபுரங்கள் தெரிய ஆரம்பிக்கும். சித்தர் இடைக்காடரின் பேரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊர் இது. அந்தக் கிராமத்துக்கு நடுவில் பிரெஞ்சு நாட்டுப் பாணியில் செக்கச்செவேலென்று ஒரு கோயில். மதுரை மிஷனில் உழைத்த பெர்டினாண்டு செல் அடிகளார் எழுப்பியது, 1894-இல் முடிந்தது. பிரான்சில் மேரி ஆன் என்ற பெண் திரு இருதயத்திடம் வேண்டிச் சுகமாகி, நேர்ச்சையாகக் கொடுத்த பணம் இதற்கு வந்தது என்பார்கள். மாதிரி, அந்நாட்டு அரசர்களுக்கு முடிசூட்டிய ரெய்ம்ஸ் பேராலயம். அங்கே கல்லில் செதுக்கியதை இங்கே களிமண்ணில் விதவிதமான அச்சு போட்டு வார்த்துச் சுட்டிருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும்: வளைவில் ஒவ்வொரு செங்கலுக்கும் விளிம்பு வேறு, வளைசல் வேறு.

ரெய்ம்ஸைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். முதல் உலகப் போரில், 1914 செப்டம்பரில், ஜெர்மன் குண்டுகள் விழுந்து அந்தப் பேராலயம் எரிந்தது. கூரை போனது, சிலைகள் தலையிழந்தன. பழுதுபார்த்து முழுதாகத் திறக்க 1938 ஆனது. 1962 ஜூலை 8 அன்று பிரெஞ்சு அதிபர் டி கோல், மேற்கு ஜெர்மனியின் ஆட்சித்தலைவர் அடினாவரை அதே பேராலயத்துக்குத் திருப்பலிக்கு அழைத்து வந்தார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். சமாதானத்தைப் பாரிசில் நல்ல மண்டபம் பிடித்தும் பேசியிருக்கலாம். குண்டு விழுந்த இடத்துக்கே வந்து நின்றார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடிக்கும். மச்சானுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். “பெரிய மனுசங்க” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே, பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமி, அதாவது குருவானவர், உட்கார்ந்திருந்தார். சிலுவைப்பாதைக்கு முன் பாவசங்கீர்த்தனம் கேட்பது தவக்காலத்தில் வழக்கம். நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள். அக்கா முடித்துவிட்டுச் சீக்கிரமே வந்துவிட்டாள். மச்சான் போனார், போனவர் வரவில்லை. பின்னால் நின்ற பாட்டி ஒருமுறை எட்டிக்கூடப் பார்த்துவிட்டாள். தொட்டியில் சொன்னதைச் சாமி வெளியே சொல்லக் கூடாது. உயிரே போனாலும் கூடாது. சொன்னவன் தானாகச் சொல்லத் தடையில்லை. அதனால்தான் இதை என்னால் எழுத முடிகிறது, மச்சானிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

வெளியே வேப்பமர நிழலில் நாங்கள் இருந்த இடத்துக்கு வந்து, கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார்.

“பத்து அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார் சாமி.”

“சரி” என்றாள் அக்கா.

“அப்புறம் இன்னொன்னு. உனக்கு என்மேல என்னென்ன இருக்குன்னு கேக்கணுமாம். நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் வாயைத் தொறக்கக் கூடாதாம்.”

அக்கா என்னைப் பார்த்தாள். டீ வாங்கி வருகிறேன் என்று நான் எழுந்துவிட்டேன்.

நடக்கும்போது சக்கேயுவைத்தான் நினைத்துக்கொண்டேன். எரிகோவின் வரிவசூல்காரர், ஆண்டவரைப் பார்க்க அத்திமரம் ஏறிய குள்ளமனிதர். இயேசு தன் வீட்டுக்கு வந்ததும் அவர் எழுந்து நின்று, நான் இனிமேல் புது மனிதன் என்று சொல்லவில்லை. கணக்குச் சொன்னார். சொத்தில் பாதி ஏழைகளுக்கு. ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றார். இந்த வீட்டுக்கு இன்று மீட்பு வந்தது என்று ஆண்டவர் சொன்னது அதற்கப்புறம்தான். அன்று எரிகோவில் ஏமாந்தவர்களெல்லாம் அவர் வாசலில் வந்து வரிசை கட்டியிருப்பார்களே, அவர்களைப் பற்றி எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. மன்னிப்பைக் காசு கொடுத்து வாங்க முடியாது, உண்மைதான். இலவசமாகக் கிடைத்தது என்பதற்காக, எடுத்ததைத் திருப்பித் தராமல் இருந்துவிட முடியுமா?

டீயோடு திரும்பி வந்தபோது அக்கா, தன் மகளின் சடங்கு நாள் கதைக்கு வந்திருந்தாள். பந்தியில் யார் முன்னால் என்ன நடந்தது, யார் வாயைப் பொத்திச் சிரித்தது, எல்லாம் நேற்று நடந்ததுபோல வந்தது. அழவில்லை. சந்தைக்கணக்கு ஒப்பிப்பவள் குரலில் சொல்லிக்கொண்டே போனாள். பீஸ் கட்டாததற்கு மகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியது. அம்மா செத்த வீட்டுக்கு அவர் மறுநாள் வந்தது. மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் கால் பதித்து உட்கார்ந்திருந்தார். டீ ஆறியது.

அப்புறம் அக்கா பர்ஸைத் திறந்து ஒரு அடகுச் சீட்டை எடுத்தாள். மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்து, பின்பக்கம் செலோடேப் ஒட்டியிருந்தது. நாலு வளையல், எடை, தேதி, கீழே மச்சானின் கையெழுத்து. கையெழுத்து கோணலாக வரம்பு தாண்டி ஓடியிருந்தது. அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “அன்னிக்கு என்னாச்சுன்னா...” என்று ஆரம்பித்தார்.

“சாமி என்ன சொன்னாரு?”

வாயை மூடிக்கொண்டார்.

சிலுவைப்பாதைக்கு மணி அடித்தார்கள். பதினான்கு நிலைகளுக்கும் முழங்காலிட்டு எழுந்தோம். ஊர்ப்பெண்கள் நன்றாகப் பாடினார்கள். அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டதால் உதட்டை மட்டும் அசைத்தாள்.

முத்தனேந்தல் நிறுத்தத்தில் வெகுநேரம் பேருந்து வரவில்லை. “அதை மீட்டுத் தந்துர்றேன்” என்றார் மச்சான். “அது எப்பவோ ஏலம் போயிருச்சு, உங்களுக்குத்தான் தெரியாது” என்றாள் அக்கா. அவர் விரலை மடக்கி என்னவோ கணக்குப் போட்டார். டீசல், வண்டி டியூ, வீட்டு வாடகை. “அடுத்த மாசத்துலருந்து நகைச்சீட்டுல சேர்றேன். மாசம் ரெண்டாயிரம் முடியும்.”

“சேருங்க” என்றாள் அக்கா. “ரசீது மாசாமாசம் என் கைக்கு வரணும்.”