குளிர்காலக் கேம்பர்வேனும் இரவில் சேரும் ஈரமும்

நியூசிலாந்தின் தென் தீவில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். அந்தப் பருவத்தில், படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டியான கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்துச் சுற்ற நினைப்பவர்கள் குளிரைப் பற்றியே கேட்கிறார்கள். குளிருக்குக் கம்பளி இருக்கிறது, ஹீட்டர் இருக்கிறது. ஆனால் இரவோடு இரவாக வண்டிக்குள் சேர்ந்துவிடும் ஈரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டெக்காப்போ, மவுண்ட் குக், வனாக்கா வழியாக மேற்குக் கரையின் ஹாஸ்ட் வரை நானும் மனைவியும் சென்றபோது, நிம்மதியாகத் தூங்கினோமா இல்லையா என்பதை அநேகமாக அந்த ஈரம்தான் தீர்மானித்தது.

டெக்காப்போ ஏரி சுமார் 710 மீட்டர் உயரத்தில், மலைத்தொடரின் மழை மறைவில் இருக்கிறது. வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில் அங்கே உறைபனி கடுமையாக இறங்கும். விடியற்காலையில் திரையை விலக்க முயன்றபோது அது கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே வழிந்த நீர் ஜன்னலின் ரப்பர் பட்டையில் தேங்கி மெல்லிய பனிக்கட்டியாகியிருந்தது. பின்கதவின் உட்புறத்தில் மரப்பலகை மூடிய இடமெல்லாம் உலர்ந்திருக்க, வெளியே தெரிந்த ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் ஒரு நீர்த்துளி நின்றது. உலோகம் வெளிக்குளிரை நேராக உள்ளே கடத்துவதால், காற்றில் உள்ள நீராவி முதலில் அங்கேதான் படிகிறது.

கணக்குப் பார்த்தால் இதில் வியப்பில்லை. இருவர் படுக்கும் வேனின் உள்ளே சுமார் பத்து கன மீட்டர் காற்று இருக்கும். 18 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 15 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஆக முழு வண்டிக்கும் 150 கிராம். தூங்கும் இருவரின் மூச்சும் தோலும் இரவு முழுவதும் வெளிவிடுவதோ ஏறக்குறைய அரை லிட்டர். எல்லாவற்றையும் இறுக்கி மூடிக்கொண்டு படுத்தால், மிச்சம் கண்ணாடியிலும் சுவரிலும் மெத்தையிலும்தான் இறங்கியாக வேண்டும்.

இதோடு சமையலும் சேர்கிறது. நம் சமையலில் ஆவி அதிகம். சோறு வடித்து, குழம்பு கொதிக்கவைத்து, காலையில் காபிக்கும் வெந்நீர் போட்டால் ஜன்னல்கள் உடனே மங்கிவிடும். போதாததற்கு அடுப்பின் எரிவாயுவே நீரை உண்டாக்குகிறது. ஒரு கிலோ புரோபேன் எரியும்போது சுமார் 1.6 கிலோ நீராவி வெளிவருகிறது. ஆகவே அடுப்பை எரியவிட்டு வண்டியைச் சூடாக்குவது ஈரத்தை விலைகொடுத்து வாங்குவதற்குச் சமம். அதைவிட முக்கியமாக, கார்பன் மோனாக்சைடால் உயிருக்கே ஆபத்து. டீசல் ஹீட்டர் அப்படியல்ல: எரிதல் தனி அறையில் நடந்து, புகையும் அதன் நீராவியும் குழாய் வழியே வெளியேறிவிடுவதால், உள்ளே வருவது உலர்ந்த சூடு மட்டுமே. வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது மற்ற வசதிகளுக்கு முன்னால் இதைத்தான் கேட்டறிய வேண்டும் என்பேன்.

ஹீட்டர் ஓடும்போதே கூரை வென்டை, அதாவது கூரையிலுள்ள காற்றுப்போக்கியை, திறந்து வைப்பது வீண்செலவாகத் தோன்றும். உண்மையில் ஈரத்தை வெளியேற்றுவது அந்தத் திறப்புதான். வெளியே மைனஸ் ஐந்து டிகிரி என்றால், அந்தக் காற்று முழு ஈரத்தோடு இருந்தாலும் ஒரு கன மீட்டரில் மூன்றரை கிராமுக்கு மேல் நீராவி இராது. அதே காற்று உள்ளே வந்து 18 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் கால் பங்குக்கும் கீழே போய்விடும். அது வண்டியின் ஈரத்தை எடுத்துக்கொண்டு வென்ட் வழியே வெளியேறும். மவுண்ட் குக் அடிவாரத்தில் உள்ள வைட் ஹார்ஸ் ஹில் முகாமில் கூரை வென்டை இரண்டு விரல் அகலத்துக்கும், எதிர்ப்பக்க ஜன்னலைச் சற்றும் திறந்துவிட்டு, ஹீட்டரைக் குறைந்த அளவில் விடிய விடிய ஓடவிட்டோம். ஒற்றைக் கண்ணாடியான முன்புறம் அப்போதும் வியர்த்தது. அதை முழுமையாகத் தடுக்க முடியாது. ஆனால் போர்வையும் சுவரும் உலர்ந்தே இருந்தன. அலமாரியில் வைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் மூடிய பெட்டிகளுக்குப் பயன்படலாம். ஓர் இரவின் அரை லிட்டரை அவற்றால் சமாளிக்க முடியாது.

முன்கண்ணாடிக்குப் போடும் வெப்பத் திரையையும் சொல்ல வேண்டும். உட்புறம் மாட்டினால் உள்ளிருக்கும் சூடு கண்ணாடியை எட்டாது. அது இன்னும் குளிர்ந்து, திரைக்குப் பின்னால் புகுந்த ஆவி நீராகி டேஷ்போர்டில் வடியும். வெளிப்புறம் போர்த்தும் திரை கிடைத்தால் அதுவே மேல்.

மலையைத் தாண்டி ஹாஸ்டுக்கு இறங்கியதும் கணக்கு மாறியது. மேற்குக் கரை மழைக்குப் பேர்போனது. அதே கரையில் தெற்கே உள்ள மில்ஃபோர்டு சவுண்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. வெளியே எட்டு டிகிரி, விடாத மழை. அந்தக் காற்றைச் சூடாக்கினாலும் ஈரப்பதம் பாதிக்குச் சற்று மேலேதான் நிற்கும். உலரும், ஆனால் மெதுவாக. அதனால் நனைந்த மழைக்கோட்டுகளை வண்டிக்குள் தொங்கவிடாமல் முகாமின் உலர்த்தும் அறையில் போட்டோம். சமையலையும் அங்குள்ள பொதுச் சமையலறைக்கு மாற்றினோம். மின் இணைப்புள்ள இடத்தைக் கூடுதல் பணம் கொடுத்து எடுத்ததும் அங்கேதான். சிறிய மின் ஹீட்டர் இரவெல்லாம் ஓடியது.

அப்படியும் காலையில் மெத்தையைத் தூக்கிப் பார்த்தபோது, அடியிலிருந்த பிளைவுட், உடல் கிடந்த இடத்தில் மட்டும் கறுத்து ஈரமாயிருந்தது. உடலின் ஆவி மெத்தையைக் கடந்து, காற்றே புகாத குளிர்ந்த பலகையில் தங்கிவிடுகிறது. பூஞ்சை பிடிப்பது இங்கேதான். சட்டம் சட்டமாக இடைவெளி விட்ட கட்டில் என்றால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். எங்கள் வண்டியில் அது இல்லாததால், பலகையைத் துணியால் துடைத்து, துணியை வெளியே பிழிந்து, மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்தினோம். பிறகு வெளிக்காற்று வரும்படி வைத்து, என்ஜின் ஹீட்டரோடு, காற்றின் ஈரத்தை எடுக்க ஏ.சி.யையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு வடக்கே புறப்பட்டோம். ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தள்ளி ஃபாக்ஸ் பனியாற்று ஊரில் நிறுத்தித் தொட்டுப் பார்த்தபோது பலகை உலர்ந்திருந்தது; மெத்தையின் அடியுறையை மட்டும் கழற்றி அங்குள்ள முகாமின் உலர்த்தியில் போட்டு எடுத்தோம்.