ஹைட்ரஜன் தீர்ந்த பிறகும்

2020 ஜூலை, ஊரடங்கு நேரம். இருட்டத் தொடங்கியதும் மொட்டை மாடிக்குப் போய், வடமேற்கே சப்தரிஷி மண்டலத்துக்குக் கீழே பைனாகுலரால் துழாவிக்கொண்டிருப்பேன். மூன்று நாளும் மேகம்தான். நான்காவது நாள் கொஞ்ச நேரம் வானம் விலகியது. திருநீற்றை ஒரு விரலால் இழுத்துவிட்ட மாதிரி மங்கலாக ஒரு கோடு தெரிந்தது. நியோவைஸ் வால்நட்சத்திரம். கீழே ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவந்து காட்டுவதற்குள் மறுபடி மேகம் மூடிவிட்டது.

அந்தப் பெயர் அதைக் கண்டுபிடித்த விண்வெளித் தொலைநோக்கியின் பெயர். அதன் கதையைப் படித்த நாளிலிருந்து எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

2009 டிசம்பரில் நாசா அனுப்பியபோது அதன் பெயர் வெறும் வைஸ். 40 சென்டிமீட்டர் கண்ணாடிதான், ஆனால் வானம் முழுவதையும் அகச்சிவப்பில் படம் பிடிக்க வேண்டும், தூரத்து கேலக்ஸிகளிலிருந்து குளிர்ந்துபோன நட்சத்திரங்கள் வரை. அகச்சிவப்பு என்பது வெப்பத்தைப் பார்ப்பது. தொலைநோக்கியே சூடாக இருந்தால் தன் சூடுதான் அதற்குத் தெரியும். அதனால் உறைந்த ஹைட்ரஜனை உள்ளே வைத்து அதைக் குளிர வைத்திருந்தார்கள். பத்து மாதத்துக்குள் அது தீர்ந்துபோனது, அது பார்த்த நான்கு அகச்சிவப்பு அலைவரிசைகளில் அலைநீளம் கூடிய இரண்டும் போய்விட்டன.

மிச்சம் இருந்த இரண்டை வைத்து என்ன செய்வது? இங்கேதான் விஷயமே. பூமிக்குப் பக்கத்தில் வரும் சிறுகோள்கள் சூரிய வெயிலில் நன்றாகக் காய்ந்தவை, அவற்றின் சூடு அந்த இரண்டு அலைவரிசைகளிலேயே தெரியும். இன்னொன்று, சாதாரண ஒளியில் பார்த்தால் சின்ன வெள்ளைக் கல்லும் பெரிய கரிக்கட்டை போன்ற கல்லும் ஒரே வெளிச்சப் புள்ளியாகத்தான் தெரியும், வெப்பத்தை அளந்தால்தான் எது எவ்வளவு பெரியது என்று சொல்ல முடியும். மோதினால் ஊர் அழியுமா நாடு அழியுமா என்பது அந்த அளவில்தானே இருக்கிறது!

2011 பிப்ரவரியில் தூங்க வைத்தார்கள். இரண்டரை வருடத்துக்கு மேல் தூங்கிய அதை 2013இல் எழுப்பி, விண்வெளியின் இருட்டுப் பக்கம் திருப்பி, ஹைட்ரஜன் இல்லாமலே மைனஸ் 200 டிகிரி செல்சியஸ் வாக்கில் தானாகக் குளிரவிட்டு, நியோவைஸ் என்ற பெயரில் சிறுகோள் வேட்டைக்கு விட்டார்கள். அதற்கப்புறம் பத்து வருடத்துக்கு மேல் உழைத்தது. மொத்தத்தில் பூமிக்கு அருகில் வரும் 3,000க்கும் மேற்பட்ட பொருட்களை அளந்தது, அதில் 215 அதுவே முதலில் கண்டது. தன்னை மேலே தூக்கிக்கொள்ள அதில் எஞ்சின் இல்லை, சூரியன் பொங்கியதில் வளிமண்டலம் உப்பி அதைக் கீழே இழுத்தது. 2024 ஆகஸ்ட் 8 அன்று கடைசிக் கட்டளை அனுப்பி அணைத்தார்கள்.

இதே மாதிரி இரண்டாவது வேலைக்கு இப்போது நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் போய்க்கொண்டிருக்கிறது. 2023 செப்டம்பரில் பென்னு சிறுகோளின் மண்ணைப் பூமியில் போட்டுவிட்டு, எரிபொருள் மிச்சம் இருந்ததால், ஒசைரிஸ்-அபெக்ஸ் என்ற புதுப் பெயரோடு அபோபிஸ் என்ற இன்னொரு சிறுகோள் பக்கம் திரும்பிவிட்டது. போகிற வழியில் அது தாங்கும் என்று கட்டியதைவிடச் சூரியனுக்கு நெருக்கமாகப் போயாக வேண்டும். அதற்காகத் தன் சூரியத் தகடு ஒன்றை மடித்து, சூடு தாங்காத பாகங்களுக்குக் குடை மாதிரி பிடித்துக்கொள்கிறது.

2025இல் அமெரிக்க பட்ஜெட் முன்மொழிவில் இதை நிறுத்திவிடலாம் என்று வந்தபோது மனசு பதறிவிட்டது. நிறுத்தவே கூடாது. 2029 ஏப்ரல் 13 அன்று, 300 மீட்டருக்கு மேல் அகலமுள்ள அபோபிஸ் நம்மிடமிருந்து சுமார் 32,000 கிலோமீட்டரில் கடக்கப்போகிறது, நம் டிவி சாட்டிலைட்டுகளைவிடக் கிட்டத்தில். மோதாது, அது உறுதி. ஆனால் பூமியின் ஈர்ப்பு அதன் சுழற்சியை மாற்றும், மேல்மண்ணைக்கூட அசைக்கலாம். கூடவே போய்ப் பார்க்க, ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் ஒரு கலம் இருக்கிறது. கடைசியில் அது மேற்பரப்பை நெருங்கி உந்துபொறிகளை ஊதி, தூசியைக் கிளப்பி, அடியில் என்ன இருக்கிறது என்றும் பார்க்கும்.