பழனிக்கு அம்மாவ கூட்டிட்டு போன கதை

அம்மாவுக்கு 76 ஆகுது, ரெண்டு முட்டியும் போச்சு. நாலஞ்சு வருசமா "பழனியாண்டவன ஒரு தடவ பாத்துட்டா போதும் கண்ணு"ன்னு சொல்லிட்டே இருந்துச்சு, போன மாசம் கூட்டமில்லாத புதன்கிழமையா பாத்து கெளம்பிட்டோம்.

டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு 2021லருந்து டிக்கெட் இல்ல, சந்தோசந்தான், ஆனா அந்த மொத படி அம்மா முட்டி ஒசரத்துக்கு இருக்குதே! நான் பின்னாடி தாங்க, கண்டக்டர் கைய புடிச்சு தூக்க, உள்ள இருந்து ஒரு அக்கா "பாட்டிக்கு எடம் குடுங்கப்பா"ன்னு சத்தம் போட, காலேஜ் பையன் ஒருத்தன் எந்திரிச்சான்.

அடிவாரத்துல நெலமை எவ்வளவோ பரவால்ல. மலைய சுத்தி இருக்கிற கிரிவீதில தனியார் வண்டி விடக்கூடாதுன்னு 2024ல கோர்ட் உத்தரவு வந்ததுலருந்து ரோடு ஃப்ரீயா இருக்கு, தேவஸ்தான பேட்டரி கார்ல காசில்லாம ஏத்திட்டு போறாங்க. தெற்கு கிரிவீதில ரோப் காருக்கு போனா, மத்தியான பராமரிப்புக்கு நிறுத்திட்டாங்க, சரின்னு அதே பேட்டரி கார புடிச்சு மேற்கு கிரிவீதி விஞ்சுக்கு, அதான் கம்பி கட்டி தண்டவாளத்துல மலைமேல இழுக்கிற ரயிலு, அதுக்கு வந்தோம். விஞ்ச் 1966லருந்து ஓடுது, ரோப் கார் 2004ல தான் வந்துச்சு. ரெண்டும் இல்லைன்னா 690 படிக்கு பக்கம் ஏறணும், இல்ல யானைப்பாதைல சுத்தி நடக்கணும், அம்மா மாதிரி ஆளுங்க கீழயே நின்னு கும்பிட்டுட்டு திரும்ப வேண்டியதுதான்.

விஞ்ச விட்டு எறங்குனா திரும்பவும் கொஞ்சம் படி. எனக்கு அது ஒண்ணுமில்ல, அம்மாவுக்கு அதுதான் மலையே. ரெண்டு படிக்கு ஒருக்கா கம்பிய புடிச்சு நின்னு மூச்சு வாங்குச்சு. முடியுமாம்மான்னேன். "வள்ளிய கட்டறதுக்கு கெழவன் வேசம் போட்டவனுக்கு கெழவியோட முட்டி வலி தெரியாதா, நீ பேசாம வா"ன்னுச்சு.

சாயங்கால சாயரட்சை பூசைல ராஜ அலங்காரம். கிரீடம் வச்சு நிக்கிற முருகன பாத்து அம்மா ஒண்ணுமே வேண்டிக்கல, கண்ணு மட்டும் ஒழுகிட்டே இருந்துச்சு. எனக்கும் தொண்டைய அடைச்சுது.

கீழ வந்ததும் நேரா பாத விநாயகர் கோயிலுக்கு கூட்டிட்டு போன்னு அடம். கும்பிட்டுட்டு என் கைய உதறிட்டு மலைப்படில தானா நாலு படி ஏறுச்சு, திரும்பி எறங்குச்சு.

"ஊருக்கு போனா படி ஏறுனியான்னு கேப்பாளுக, பொய் சொல்ல முடியாதுல்ல."